மங்கு உடைஞ்சா மாலை

அது என்ன பேரப்புள்ளே கழுத்துல? நீலப் பூப்போட்ட மங்குச் சில்லு. நீங்க பீங்கான்னு சொல்லுவீகளே, அதான் எங்களுக்கு மங்கு. சுத்தி ஒரு வெள்ளிப் பட்டை. மேல ஒரு வளையம், வளையத்துல ஒரு சங்கிலி. வெலை என்னன்னு கேட்டா ரெண்டாயிரத்துச் சொச்சம்னு கூசாமச் சொல்லுதே. முழுத்தட்டு என்ன வெலை இருந்திருக்கும்? அதுல பத்துல ஒரு பங்கு இருக்குமா? ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன்னும்பாக. ஒன் மங்கு ஆனையவே தோக்கடிச்சிருச்சே! உசுரோட இருந்தா இருநூறு, செத்தா ரெண்டாயிரம்.

கோவிச்சுக்கிடாத. பாக்க நல்லாத்தான் இருக்கு. நான் கருசக்காட்டுக் கெழவன். கடம்பூர்ல ரயில் நின்னா ஓடிப்போயி போளி வாங்கத் தெரியும். ஐப்பசியில மழை விழுந்தா உளுந்து வெதைக்கத் தெரியும். அதுக்கு மேல என்ன தெரியும்னு நீ நெனைப்பே. எங்க பக்கத்து லைப்ரரியில ஃபேன் நல்லாச் சுத்தும் பேரப்புள்ளே. வெயில் காலம் பூராவும் அங்கனதான் கெடப்பேன். கையில ஒரு புத்தகம் இருந்தாத்தான் எழுப்பி விடமாட்டாக. அப்படியே நாலு சங்கதி மண்டையில ஏறிக்கிடுச்சு. எறக்கி வைக்க ஆள் வேணுமில்ல?

மொதல்ல ஒண்ணு கேக்கேன். எங்க பக்கம் நகைன்னா என்னன்னு தெரியுமா?

எங்க ஆத்தாமாரு காதைப் பாத்திருக்கியா? தோளைத் தொடும். சின்னப் புள்ளையிலயே காதைக் குத்தி, ஓட்டையில பஞ்சைத் திணிச்சு, பெறகு குணுக்குன்னு ஈய வளையத்தைத் தொங்கவிட்டு, இழுத்து இழுத்துப் பெருசாக்குவாக. அப்படி வளத்த காதுலதான் பாம்படம் ஆடும். மேல தங்கத் தகடு, உள்ள அரக்கு. அம்புட்டும் தங்கம்னு நெனச்சுக் களவாணி ஏமாறுவான். அடகுக்கடைக்காரன் ஏமாற மாட்டான். அரக்கைக் கழிச்சிட்டுத்தான் எடையே சொல்லுவான்.

மழை பொய்ச்ச வருசம் ஊர்ல பாதிக் காது வெறுங்காதாத் தொங்கும். வெதைக்குப் பணம் வேணுமில்ல? கம்பு வெதை, உளுந்து வெதை, பருத்தி வெதை எல்லாம் அந்தக் காதுல இருந்துதான் மொளைச்சுச்சு. பருத்தி வெடிச்சு, மொளகா பழுத்து, வித்த காசு கைக்கு வந்தா பாம்படம் திரும்பக் காதுக்கு வரும். வராமலும் போகும். தண்ணி இல்லாத காட்டுல நகைன்னா அதுதான். கம்மா பெருகாத வருசத்துக்கு எடுத்து வச்ச தண்ணி. பெறகு ஒரு காலம் வந்துச்சு. தொள்ளைக்காது நாகரிகமில்லைன்னு பேத்திமாரு சிரிச்சாளுக. ஆத்தாமாரும் ஆஸ்பத்திரிக்குப் போயி காதை அறுத்துத் தச்சுக்கிட்டாக. பாம்படம் உருகிச் சங்கிலியாச்சு. இப்ப மியூசியத்துல கண்ணாடிக்குள்ள இருக்கு. நீ டிக்கெட் எடுத்துப் போயி போட்டோ புடிச்சுட்டு வாரே.

அதான் கேக்கேன். ஒன் மங்குச் சில்லைக் கொண்டுபோயி கோயில்பட்டி அடகுக்கடையில வச்சா என்ன தருவான்? உக்காரச் சொல்லி ஒரு டீ தருவான். அவனுக்கும் பொழுது போகணுமில்ல?

ஆனா ஒரு லாபம் உண்டு. அதைச் சொல்லாம விட்டா பாவம். பவுன் விக்கிற வெலைக்குக் கழுத்துல தங்கம் போட்டு ராத்திரி பஸ் ஏற முடியுதா? பைக்குல வாரவன் கண்ணு கழுத்துலதான் இருக்கு. மங்கை எவனும் அறுக்க மாட்டான். அறுத்தாலும் ரெண்டு தெரு தாண்டிப் பாத்துட்டு, ஒன்னய ஏசிக்கிட்டே தூக்கி எறிஞ்சிருவான். தேடுனாக் கெடைச்சிரும்.

சரி, இந்த உடைஞ்ச சாமான் சமாச்சாரத்துக்கு வாரேன். உடைஞ்சதை வச்சு ஒண்ணு செய்யுறது என்னமோ போன வருசம் நீங்க சென்னையில கூடிக் கண்டுபிடிச்சதுங்கிற நெனப்பு ஒங்களுக்கு. கீழடின்னு பேரு கேட்டிருப்பே. அங்கன தோண்டினாகள்ல, என்னென்ன கெடைச்சதுன்னு 2019ல தொல்லியல் துறை ஒரு புத்தகம் போட்டுச்சு. தங்கம் இருந்துச்சு. தந்தத்துச் சீப்பு இருந்துச்சு. அதோட 600க்கு மேல வட்டச் சில்லு இருந்துச்சு! உடைஞ்ச பானை ஓட்டை எடுத்து, ஓரத்தைத் தேச்சு, வட்டமாக்கி வச்ச சில்லு. எதுக்குங்கே? பாண்டி வெளையாடத்தான்னு சொல்லுதாக. ரெண்டாயிரம் வருசத்துக்கும் முன்னாடி ஒரு சின்னப் புள்ளை ஒக்காந்து கல்லுல ஓட்டை உரசியிருக்கு. எங்க தெருப் புள்ளைகளும் போன தலைமுறை வரைக்கும் அதே உரசல்தான் உரசுச்சு. ஒருத்தியாவது அதுக்கு ஹேண்ட்மேடுன்னு சீட்டு ஒட்டினாளா? கட்டம் போட்டாளுக, ஒத்தக் கால்ல தாண்டுனாளுக, பொழுது சாஞ்சதும் சில்லைத் திண்ணைக்கடியில சொருகிட்டுச் சாப்பிடப் போயிட்டாளுக.

இந்தப் பக்கம் சாத்தூரைத் தாண்டி வெம்பக்கோட்டையில 2022ல தோண்ட ஆரம்பிச்சாக. அங்கனயும் சங்கு வளையலாக் கெடைச்சுச்சு. முழுசும் உண்டு, உடைசலும் உண்டு. கடலு எங்க இருக்கு, வெம்பக்கோட்டை எங்க இருக்கு? செத்த சங்கைத் தூக்கிக்கிட்டு வந்து, அறுத்து, உரசி, கையில போட்டுக்கிட்டிருக்கா ஒருத்தி. ஒனக்கு அவ பாட்டி முறை வேணும்.

மங்குச் சங்கதிக்கே வாரேன், பொறு. பழையகாயல்னு ஊரு இருக்கு, நம்ம தூத்துக்குடிக்குத் தெக்க, தாமிரவருணி கடல்ல சேர்ற பக்கம். பதிமூணாம் நூத்தாண்டுக் கடைசியில மார்க்கோ போலோ வந்து பாத்து எழுதி வச்சிட்டுப் போன தொறைமுகம் அதுதான். அரபிக் குதிரை ஒரு பக்கம் எறங்கும், சீனத்துச் சாமான் ஒரு பக்கம் எறங்கும். பெறகு ஆறு மண்ணைக் கொண்டாந்து கொட்டுச்சு, கடல் வெலகிப் போச்சு, ஊரு மேடாகிப் போச்சு. அறுநூறு வருசம் கழிச்சு இடையன்குடி கால்டுவெல் அங்கன போறாரு. ஆமா, இலக்கணம் எழுதுனாரே, அந்தக் கால்டுவெல்தான். காட்டுல எங்க பாத்தாலும் சீனத்துப் பீங்கான் சில்லு கெடந்துச்சாம். நெனச்சிருந்தா ஒரு வண்டி நெறைய அள்ளியிருக்கலாம்னு எழுதுதாரு. ஆனா தலைமுறை தலைமுறையா ஏர் ஓடி ஓடி, சில்லெல்லாம் பொடிசாப் போயிருந்துச்சாம்.

அந்த நேரம் இந்த மங்கு நகை செய்யுற ஒன் சேக்காளிப் புள்ளை பக்கத்துல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? 1881ல அந்த மனுசன் திருநெல்வேலிச் சரித்திரத்தை எழுதி வெளியிட்டிருப்பாருங்கே? கையில குறடைக் குடுத்து ஓரம் கடிக்க உக்கார வச்சிருப்பா.

ராமநாதபுரம் பக்கம் பெரியபட்டினத்துலயும் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரவுக 1980கள்ல தோண்டி, சீனத்துப் பீங்கான் ஓடாத்தான் எடுத்தாக. அதெல்லாம் எண் போட்டு, பையில கட்டி, அலமாரியில வச்சிருக்காக. அதை வச்சு எந்தக் காலத்துக் கப்பல், எந்தச் சூளை, யாரு கூட யாவாரம்னு படிக்காக. அது பழசு. எழுநூறு வருசம் மண்ணுக்குள்ள கெடந்த பழசு. ஒன் கழுத்துல கெடக்கிறது? திருப்பிக் காட்டு. பின்னாடி அச்சு இருக்கு. இங்கிலாந்துன்னு போட்டிருக்கு.

அந்தப் படத்தைப் பாரு. ஒரு மரம், ஒரு பாலம், பாலத்து மேல மூணு பேரு, மேல ரெண்டு குருவி. ஒனக்கு இதை வித்தவ ஒரு கதை சொல்லியிருப்பாளே? சீனத்துப் பெரிய அதிகாரி மக, கணக்கப்புள்ளையோட ஓடிப்போனா, அப்பன் சாட்டையோட தொரத்துனான், ரெண்டு பேரும் செத்துப் புறாவாப் பறந்துட்டாகன்னு? கண்ணுல தண்ணிகூட வந்திருக்கும் ஒனக்கு. பேரப்புள்ளே, அந்தப் படம் சீனாவுல பொறக்கவே இல்ல. 1790 வாக்குல இங்கிலாந்துக்காரன் வரைஞ்சது. அதுக்குப் பேரே வில்லோ, அந்த மரத்துப் பேருதான். தட்டு விக்கணும், அதுக்கு ஒரு கதை வேணும், கட்டிவிட்டான். படம் முந்தி வந்துச்சு, கதை பிந்தி வந்துச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, அது நல்லா ஓடுதுன்னு பாத்ததும் சீனாக்காரனே அந்தப் படத்தைப் பாத்து வரைஞ்சு கப்பல்ல ஏத்தி அனுப்பிச்சுட்டான். யாரு யாரை ஏமாத்துனாகன்னு அவுகளுக்கே தெரியாது. நீ ரெண்டாயிரம் குடுத்துட்டு நிக்கே.

கையால வரைஞ்ச பூன்னும் சொல்லுவா. பெரும்பாலும் அதுவும் இல்ல. செப்புத் தகட்டுல படத்தை வெட்டி, மை தடவி, மெல்லுசுத் தாள்ல ஒத்தி எடுத்து, தட்டு மேல ஒட்டிச் சூளையில வச்சது. உத்துப் பாரு. ஓரத்துல படம் ஒண்ணோடொண்ணு சேராம நிக்கும். அங்கனதான் தாளை ஒட்டியிருக்கான்.

இன்னொரு சங்கதி. காதுல சொல்லணும், கிட்ட வா. நீ முட்டை போட்ட கேக்குகூடத் தொடமாட்டேன்னு ஒங்கம்மா பெருமைப்படுதா. போன் சைனான்னு சொல்லி வெள்ளை வெளேர்னு ஒரு சில்லு காதுல மாட்டியிருக்கியே, வெளிச்சத்துல காட்டினா வெரல் நெழல் தெரியுமே, அது எப்படி அம்புட்டு வெள்ளையாச்சுன்னு கேட்டியா? மாட்டெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி, களிமண்ணுல பாதிக்குப் பாதி சேத்துப் பெசைஞ்சது அது. ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட்டுன்னு ஒரு ஊரு. அங்கன ஸ்போடுன்னு ஒரு குடும்பம் பதினெட்டாம் நூத்தாண்டுக் கடைசியில அந்தப் பக்குவத்தைச் சரியாப் புடிச்சுச்சு. அதுல ஒரு தப்பும் இல்ல. எலும்பு போட்டா ஒறுதியா வருது. ஆனா அதை மாட்டிக்கிட்டு நீ கோயிலுக்குள்ள போயி எனக்குத் திருநீறு கொண்டாந்து தந்தே பாரு, அன்னைக்கு நான் சிரிச்ச சிரிப்பு எதுக்குன்னு இப்பத் தெரியுதா?

டப்பாவுக்குள்ள ஒரு சீட்டு வச்சிருந்தாளே. என்ன எழுதியிருந்துச்சு? பாட்டி வீட்டு ஞாபகம்னா? எந்தப் பாட்டி?

எங்க பாட்டிமாரு அடுப்படியில மண்சட்டி இருந்துச்சு. ஈயம் பூசுன பித்தளை இருந்துச்சு. கஞ்சி குடிக்க வெங்கலக் கும்பா. பெறகு எவர்சில்வர் வந்துச்சு, ஏனத்துல பேரு வெட்டிக் குடுக்கிறவன் வந்தான். மங்கு எங்க இருந்துச்சு? ஊறுகா ஜாடியை விட்டுரு, அது எல்லா வீட்டுலயும் உண்டு. தட்டும் கோப்பையும் ஸ்டேசன் மாஸ்டர் வீட்டுல இருந்திருக்கும். பங்களாக்காரன் வீட்டுல இருந்திருக்கும். கொழும்புக்கும் ரங்கூனுக்கும் போயி சம்பாரிச்சவன் வைக்கோல்ல பொதிஞ்சு பெட்டியில கொண்டாந்திருப்பான். மத்தபடி வசதியான பெரிய வீடுகள்ல அது அடுப்படிக்குள்ள போகாது. திண்ணை ஓரத்துல இருக்கும். இல்லேன்னா தொழுவத்து மாடக்குழியில கவுந்து கெடக்கும். யாருக்குத் தெரியுமா? உள்ள விடக்கூடாதுன்னு வச்சிருந்த ஆளுகளுக்கு. நாள் முச்சூடும் காட்டுல வேலை செஞ்சவுக, வெளிய நின்னு, அந்தக் கோப்பையில வாங்கிக் குடிச்சு, தானே கழுவி, திரும்ப அதே மாடக்குழியில கவுத்திட்டுப் போகணும். உள்ள வெங்கலம், வெளிய மங்கு. டீக்கடையில அதுவும் கெடையாது. செரட்டை, இல்லேன்னா தனிக் கிளாஸ்.

அந்தக் கோப்பையில ஒரு சில்லுதான் இப்ப வெள்ளிப் பட்டை கட்டி, எங்க குடும்பத்துப் பாரம்பரியம்னு சீட்டோட வருது. பாரம்பரியம்தான். நான் இல்லேங்கல. உள் பக்கத்துப் பாரம்பரியமா, வெளிப்பக்கத்துப் பாரம்பரியமான்னு மட்டும் ஒரு தடவை வீட்டுல கேட்டுக்கோ. கேட்டுட்டு வந்து போட்டுக்கோ. எனக்குச் சம்மதம்.

செய்யுறவளைக் கொறை சொல்லுதேன்னு நெனைக்காத. அந்த வேலை லேசுப்பட்ட வேலை இல்ல. ஒரு புள்ளை செய்யும்போது பக்கத்துல ஒக்காந்து பாத்தேன். தட்டை எடுத்துக் கல்லுல போட்டு ஒடைச்சிரலாம்னு நீ நெனைப்பே. அப்படி ஒடைச்சா பூ நடுவுல விரிசல் ஓடிரும். சக்கரம் வச்ச குறடு ஒண்ணு இருக்கு, டைல்ஸ் ஒட்டுறவுக கையில இருக்குமே, அதால கொஞ்சங் கொஞ்சமாக் கடிச்சு எடுக்கணும். பெறகு வைரத்தூள் பூசுன சக்கரத்துல ஓரத்தைத் தேய்க்கணும். தண்ணி ஊத்திக்கிட்டேதான் தேய்க்கணும். ஓட்டை போடுறதுன்னாலும் தண்ணிக்குள்ள வச்சுத்தான் போடணும். ஏன்னா சூடேறுனாச் சில்லு வெடிச்சிரும். அதைவிடப் பெருசு தூசி. பீங்கான் தூசி நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது. கல்குவாரியில வேலை செஞ்சவுக இருமுற இருமல் கேட்டிருக்கியா? அதே தூசி இது. தீப்பெட்டி ஆபீசுல மருந்து வாடையை மூச்சுல வாங்கிக் காலத்தைக் கழிச்ச பொம்பளைகளைப் பாத்த ஊரு எங்க ஊரு. அதனால சொல்லுதேன். மூக்கை மூடிக்கிட்டுச் செய்யுறாளா, தண்ணி ஊத்திச் செய்யுறாளா, பாரு. வெலை கூடக் கேட்டா அவளுக்கே குடு.

பட்டை கட்டுறதுலயும் ரெண்டு வழி உண்டு. சிலபேரு ஓரத்துல செப்பு நாடாவை ஒட்டி, மேல சால்டர் ஊத்தி மூடிருவாக. ரேடியோ ரிப்பேர்க்காரன் ஊத்துவானே, அதே சால்டர். அதுல காரீயம் கலந்தும் இருக்கும், கலக்காமலும் இருக்கும். காரீயம் கலந்ததைத் தோல்ல ஒரச விடாத. கைக்கொழந்தை வாயில வச்சுரும், அது வேற. கேட்டு வாங்கு. இன்னொரு வழி, வெள்ளித் தகட்டை வளைச்சுக் கூடு கட்டி, சில்லை உள்ள வச்சு, ஓரத்தை மடக்கி அமுக்குறது. இதை நம்ம பத்தருமாரு என்னைக்கோ செஞ்சுட்டாக. நாகர்கோயில் வடசேரியில போயிப் பாரு. சாமிக்கும் பரதநாட்டியத்துக்கும் நகை செய்யுதாக. செவப்புக் கல்லை எடுத்துக் கூட்டுக்குள்ள எறக்குவாக. கல்லு சாதாக் கல்லாக்கூட இருக்கும். கைதான் அதை ராணி கழுத்துக்கு ஏத்துது. ஒன் சேக்காளி அந்தத் தெருவுல ஆறு மாசம் ஒக்காந்தா மங்குச் சில்லு இன்னும் அழகா நிக்கும். ஆனா அங்கன ஏசி இருக்காது.

பீங்கானை ஒடம்புல போடுறதும் புதுசில்ல. 1787ல இங்கிலாந்துல வெட்ஜ்வுட்டுன்னு மங்கு செய்யுற மொதலாளி, சங்கிலி மாட்டுன ஒரு அடிமை மண்டி போட்டுக் கையேந்துற உருவத்தைச் சின்ன வில்லையாச் செஞ்சாரு. அடிமை யாவாரத்தை ஒழிக்கணும்னு சொல்றவுகளுக்குச் சும்மா குடுத்தாரு. பெரிய வீட்டுப் பொம்பளைக அதைக் காப்புல பதிச்சாக, கொண்டையில குத்துனாக. அதைப் போட்டுக்கிட்டுத் தெருவுல போனா, எதுக்குன்னு நாலு பேரு கேப்பான். கேட்டாப் பேச்சு வரும். அந்த நகைக்கு ஒரு சோலி இருந்துச்சு. ஒன் நகையைப் பாத்து எவனாவது கேட்டா நீ என்ன பேசுவே? எங்கன வாங்குனேன்னு சொல்லுவே. தள்ளுபடி எம்புட்டுன்னு சொல்லுவே.

உடைசலை அள்ளி அழகாக்குனவுகளும் ஒலகத்துல இருக்காக. பாங்காக்குல ஆத்தங்கரையில அருண் கோயில்னு இருக்கு. சீனாவுல இருந்து வந்த கப்பல் தள்ளாடாம இருக்க அடியில பாரமாப் போட்டு வந்த பீங்கான், உடைசல், எல்லாத்தையும் கோபுரம் பூராவும் பூவாப் பதிச்சு வச்சிருக்காக. சண்டிகார்ல நேக் சந்துன்னு ஒருத்தரு. ரோட்டு வேலை பாத்த சர்க்கார் ஊழியர். வேலை முடிஞ்சு சாயங்காலம் சைக்கிள்ல போயி, உடைஞ்ச கோப்பை, உடைஞ்ச வளையல், உடைஞ்ச பல்புன்னு பொறுக்கிட்டு வந்து, காட்டுக்குள்ள யாருக்கும் தெரியாம ஆளும் மிருகமுமாச் செஞ்சு அடுக்கிட்டாரு. பல வருசம் எவனுக்கும் தெரியல. தெரிஞ்சப்ப இடிக்கணும்னாக. ஜனங்க விடல. 1976ல சனங்க பாக்கத் தெறந்துவிட்டாக. அவரு சஸ்டைனபிள்னு ஒரு போர்டு மாட்டல. குப்பையா இருந்துச்சு, எடுத்தாரு, அம்புட்டுத்தான்.

சப்பான்காரன் கதையும் நீ எனக்குச் சொன்னே. உடைஞ்ச கோப்பையை அரக்கு வச்சு ஒட்டி, ஒட்டுன தழும்பு மேல தங்கப்பொடி பூசுதான்னு. நல்ல பழக்கம். ஆனா அவன் ஒட்டுறது எதுக்கு? திரும்ப அதுல தேத்தண்ணி குடிக்க. கோப்பை மேல அவனுக்கு அம்புட்டுப் பிரியம்.

இங்கதான் எனக்கு ஒங்க கூட்டத்து மேல ஒரு சந்தேகம். ஒரு வீட்டுல ஒரு வருசத்துக்கு எத்தனை தட்டு உடையும்? அதுல எத்தனை பூப்போட்டது? கை தவறி விழுற மங்கை மட்டும் நம்பிக் கடை வைக்க முடியுமா? கணக்கு உதைக்குதே. மெதுவா ஒன் சேக்காளிகிட்ட வாயைக் கிண்டுனேன். அவளும் வெள்ளந்தி, சொல்லிட்டா. காரைக்குடியில முனீஸ்வரன் கோயில் தெருவுல பழஞ்சாமான் கடைக வரிசையா இருக்கே, செட்டிநாட்டு வீடுகள்ல இருந்து வந்ததெல்லாம் குமிஞ்சு கெடக்குமே, அங்கன போயி முழுத்தட்டாப் பாத்து வாங்கிட்டு வாராளாம். ஒரு கீறல் கெடையாதாம். கொண்டாந்து, துணியில சுத்தி, சுத்தியால போட்டு ஒடைக்காளாம். ஒடைச்சதுக்குப் பெறகு, வீணாப் போற பொருளுக்கு மறுவாழ்வுன்னு சீட்டு எழுதுதாளாம்!

எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் ஓடல. மறுவாழ்வு குடுக்கணும்னா மொதல்ல சாகடிக்கணும்னு எந்த வைத்தியன் சொன்னான்? நூறு வருசம். கப்பல்ல வந்து, மாட்டு வண்டியில வந்து, எத்தனையோ கல்யாணப் பந்தி பாத்து, வெளக்குறவ கைக்குத் தப்பி, பாகப் பிரிவினைச் சண்டைக்கும் தப்பி முழுசா நின்னுச்சு அந்தத் தட்டு. கடைசியில அதைச் சுத்தியால அடிச்சது சுத்துச்சூழலைக் காப்பாத்த வந்த புள்ளை. நல்லா இருக்கும்மா ஒன் ஞாயம்.

நான் அவகிட்ட ஒண்ணுதான் கேட்டேன். ஏம்மா, அந்தத் தட்டுல சோறு போட்டுத் திங்கக் கூடாதாக்கும்? அய்யய்யோ தாத்தா, அது விண்டேஜ், அதுல சாப்பிடக்கூடாதுன்னு பதறிட்டா.

ஆனா அவ சொன்னதுலயும் ஒரு ஞாயம் இருந்துச்சு. சில பழைய தட்டு மேல பூசின மெருகுல காரீயம் இருக்கும், புளிக்கொழம்பு ஊத்துனாக் கரைஞ்சு வயித்துக்குள்ள போகும்னா. அது நெசம். எங்கயோ படிச்சிருக்கா. அப்பச் சோறு வேண்டாம், சொவத்துல மாட்டு. பேரன் பேத்தி பாக்கட்டும். அதுக்கும் ஒரு பதில் வச்சிருந்தா. சொவத்துல மாட்டுனா யாரு தாத்தா ரெண்டாயிரம் தருவா?

இந்தப் பதில் எனக்குப் புடிச்சிருந்துச்சு. இதுல பொய் இல்ல. இதையே அந்தச் சீட்டுல எழுதலாமே? முழுசா இருந்தா எவனும் வாங்கல, அதான் ஒடைச்சேன்னு. நான் மொதல் ஆளா வாங்குவேன்.

இப்ப காரைக்குடியில வெலை ஏறிப் போச்சாம். அதனால பழைய மங்கு தேடி ஊரு ஊரா எறங்கிட்டாக. போன மாசம் எங்க தெருவுக்கே ஒரு கார் வந்து நின்னுச்சு. நாலு புள்ளைக எறங்குச்சு, எல்லாக் கழுத்துலயும் ஒரு ஓடு. வீடு வீடாப் போயி, பாட்டி பழைய பீங்கான் இருக்கா, மூக்கொடிஞ்சிருந்தாலும் பரவாயில்ல, ஓரம் உடைஞ்சிருந்தாலும் பரவாயில்லங்குதுக. எங்க தெரு ஆச்சி ஒருத்தி, புருசனுக்கே கணக்குச் சொல்லாதவ, ஊறுகா ஜாடி மூடியை நீட்டுனா. புடி முந்நூறுன்னு குடுத்துட்டாக. ஆச்சிக்கு ஒரு நிமிசம் கை நடுங்கிருச்சு. பெறகு நிதானமாக் கேட்டா, ஏந்தாயி, உடைஞ்சதுக்கே முந்நூறா? உடைஞ்சாத்தான் பாட்டி முந்நூறுன்னு சொல்லிட்டுப் போயிருச்சுக.

ஆச்சிக்கு அது போதாதா? மறுநாளே கோயில்பட்டிக்குப் பஸ் ஏறிட்டா. பஜார்ல பூப்போட்ட பீங்கான் தட்டு ஒரு டசன் வாங்குனா, ஏதோ விசேசத்துக்குன்னு சொல்லி. வீட்டுக் கொல்லையில அம்மிக்கல்லு கெடக்கு. கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு தட்டு தட்டுனா. சில்லு புதுசாப் பளபளன்னு மினுங்குச்சு. இது ஆகாதுன்னு ஒரு பானையில தேயிலையைக் காச்சிக் கருப்பா எறக்கி, உள்ள போட்டு மூடி வச்சா. மூணாம் நாள் எடுத்துக் கருச மண்ணுல பொரட்டி எடுத்தா. எனக்கு ஒண்ணைக் கொண்டாந்து காட்டி, எந்தக் காலத்துதுன்னு சொல்லு பாப்போம்னா. எட்டயபுரம் அரமனைக் காலத்துதும்பேன்னு சொன்னேன். அதுக்கு ஆச்சி, அரமனைன்னா ஐந்நூறு சொல்லலாமாங்கா.

வாற ஞாயித்துக்கெழமை கார் திரும்ப வாரதாப் பேச்சு. ஆச்சி மறுபடியும் தேயிலை வாங்க ஆள் அனுப்பியிருக்கா. ஒன் சேக்காளிக்குப் போன் போடுதேன்னு நீ கெளம்பாத பேரப்புள்ளே. லாபத்துல எனக்குக் கால்வாசின்னு பேசி முடிச்சாச்சு.